இறங்கிய கையோடு மம்பட்டி

பாலவனத்தத்தில் நின்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் காற்றுக்கு மறைப்பு கிடையாது. ஒரு பக்கம் விருதுநகர், மறுபக்கம் அருப்புக்கோட்டை, அதைத் தாண்டினால் திருச்சுழி. எல்லாம் கரிசல் வெட்டவெளி. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். டிவிஎஸ் ஐம்பதில் வைக்கோல் கட்டு வைத்துப் போகிற சம்சாரி ரோட்டில் சாய்ந்தே போவார். பைக்கின் முன்னால் இருக்கும் தடுப்பு காற்றை எங்கே திருப்பி விடுகிறது என்கிற கணக்கு, படித்துத் தெரிவதற்கு முன்பே எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உடம்பில் ஏறிவிடும்.

எனக்கு அது ஏறியது பெரியப்பா மகன் வாங்கிய கரிஸ்மாவில். ஹீரோ ஹோண்டா அந்த வண்டியை 2003-ல் கொண்டுவந்தது. அண்ணன் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை எடுத்தார். ஊரெங்கும் நூறு சிசி வண்டிகளே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 223 சிசி என்றால் சும்மாவா? மஞ்சள் நிறத்தில் அது தெருவுக்குள் நுழைந்தபோது டேங்க்கைத் தொட்டுப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பதினைந்து லிட்டர் டேங்க். முன்பக்கத்துத் தடுப்பான ஃபேரிங் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பாது, சட்டத்தோடு நிலையாக நிற்கும். சந்தில் ராத்திரி திருப்பும்போது லைட் நேரே சுவரில் அடிக்க, முன்சக்கரம் இருட்டுக்குள் போகும். அண்ணன் வேகத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. “தூத்துக்குடியில ஏறி உக்காந்தா வீட்ல வந்துதான்டா இறங்குறேன். எட்டயபுரத்துல டீ குடிக்கக்கூடத் தோணல” என்பார். சனிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தவர் ஞாயிறு விடியலில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். பாத்தியை வெட்டி விட்டபடி, ஒரு காலைச் சேற்றில் ஊன்றி, புத்தம் புதிய ஆளாக நிற்பார். அதே தூரத்தைச் சின்ன வண்டியில் வந்த மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை திண்ணையில் படுத்துக் கிடப்பார்.

தூர வண்டிக்கு என் அளவுகோல் அன்றைக்கு அமைந்ததுதான். இறங்கிய கையோடு மம்பட்டியைத் தூக்க முடிய வேண்டும். இத்தனை வருஷத்தில் அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

படித்து முடித்து ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்தது. வண்டிகளுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து, தேய்த்து, அளந்து அனுப்பும் பட்டறை. நான் அளக்கிற பிரிவு. ஓசூரிலிருந்து வீட்டுக்கு நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருமங்கலம், விருதுநகர் என்று நான்குவழிச் சாலை நேராக இறங்கும். சுங்கச்சாவடிகளில் இடது ஓரத்துச் சின்னச் சந்தில் பைக்காரன் காசு கொடுக்காமல் நழுவிப் போகலாம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் வீடு. அப்பாவுக்கு நிலம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, தங்கைக்குக் காலேஜ் என்று வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு காரியம் காத்திருக்கும். பஸ்ஸில் வந்தால் மதுரை மாட்டுத்தாவணியில் மாறி, அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ இன்னொரு பஸ் பிடித்து வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆகவே எனக்கு நல்ல பைக் ஒன்று அவசியத் தேவை. அதனால்தான் தேடலும் அவ்வளவு தீவிரமாக இருந்தது.

ஸ்போர்ட் டூரிங் என்று உலகம் சொல்கிற வண்டி வகைக்கு முன்னோடியாக 1976-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்ஸைச் சொல்வார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, ஓட்டுகிறவன் உடம்பையே மறைக்கிற மாதிரி முழு ஃபேரிங் போட்டு, தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்த வண்டி. ஒரே மூச்சில் நாட்டையே தாண்டலாம், போய்ச் சேர்ந்த இடத்தில் மனுஷனாகவும் இறங்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். நம்மூர் ரோட்டுக்கும் பணப்பைக்கும் அந்த எண்ணம் சின்ன எஞ்சின்களில்தான் வந்து சேர்ந்தது. கரிஸ்மாவுக்குப் பிறகு பஜாஜ் பல்சர் 220, 2011-ல் ஹோண்டா சிபிஆர்250ஆர், அப்புறம் நான் வேலை பார்த்த ஊரிலேயே செய்யப்பட்ட டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர்310. அறையில் கூட இருந்தவர்கள், பட்டறை நண்பர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். வண்டி மாற்றி ஓட்டுவதில் எங்களுக்குள் கணக்கு வழக்கு கிடையாது. பெட்ரோல் நிரப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

ஷோரூமில் தருகிற டெஸ்ட் ரைடு எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை. கடைக்காரப் பையன் பின்னால் உட்கார்ந்துகொள்வான். இரண்டு சிக்னல் தாண்டி யு டர்ன் அடித்தால் முடிந்தது. பத்து நிமிஷத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நாமக்கல் தாண்டும்போது உள்ளங்கை என்ன சொல்கிறது, திண்டுக்கல்லில் தொடைச் சந்து என்ன சொல்கிறது, மதுரை பைபாஸில் கழுத்து என்ன சொல்கிறது என்பதைக் கேட்காமல் எப்படித் தீர்மானிப்பது? அதனால் நண்பர்களின் வண்டிகளை ஊருக்கே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

சிபிஆர்250ஆர் என் மனதை உடனே கவர்ந்தது. 249 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின். ஒற்றை சிலிண்டருக்கு இவ்வளவு சாந்தம் வருமா என்று ஆச்சரியப்பட்டேன். கைப்பிடி கிளிப்-ஆன்தான், ஆனாலும் உயர்த்தி வைத்திருப்பார்கள். குனிய வேண்டும், ஆனால் கும்பிட வேண்டியதில்லை. பதின்மூன்று லிட்டர் டேங்க்கை ஓசூரில் நிரப்பினால் வழியில் ஒருமுறை கொஞ்சம் போட்டால் போதும். என் கால்தான் அதற்கு நீளம். ஆறடிக்குச் சற்றுக் குறைந்த ஆள் நான். கரூர் வரும்போது முழங்கால் மடங்கினது மடங்கினபடி மரத்துப் போகும். என் நண்பன் என்னைவிட அரையடி குட்டை. அவனுக்கு அது தைத்துப் போட்ட சட்டை. இன்றைக்கும் அதை விற்காமல் வைத்திருக்கிறான், விற்கவும் கூடாது.

ஆர்ஆர்310 வேறு ரகம். 2017 டிசம்பரில் வந்தது. அதன் எஞ்சினைப் பார்க்க எனக்குத் தொழில் முறையிலேயே ஆசை. மற்ற வண்டிகளில் காற்று பின்பக்கம் நுழைந்து புகை முன்பக்கம் வெளியேறும். இதில் சிலிண்டரைப் பின்னோக்கிச் சாய்த்து, காற்று முன்னாலிருந்து நுழைந்து புகை பின்னால் போகிற மாதிரி திருப்பியிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்த வடிவமைப்பு. ஜி310ஆரிலும் அதே எஞ்சின்தான். வந்தபோது 34 குதிரைத்திறன். ஃபேரிங்குக்குள் தலையைத் தாழ்த்திவிட்டால் மேல்காற்று தோளுக்கு மேலே கத்திக்கொண்டு போகும், நம்மைத் தொடாது.

முன்னால் குனிந்து உட்காரும் வண்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்த விளம்பரத் தாளிலும் அதைப் போட மாட்டார்கள். குனியும்போது மேலுடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. வேகம் கூடும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கி அந்தப் பாரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. நூறைத் தாண்டிப் போகும்போது கை லேசாக இருப்பது அதனால்தான். விருதுநகரில் நான்குவழியை விட்டு இறங்கி ஐம்பதுக்கு வந்ததும் காற்று கைவிட்டுவிடும், பாரம் முழுக்க மணிக்கட்டுக்கு வந்துவிடும். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் பூக்காரர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விடும்போது கை விண்விண்ணென்று தெறிக்கும். முழு ஃபேரிங்குக்கு மேல்காற்றோடு இன்னொரு வழக்கும் உண்டு. கரூரிலிருந்து திண்டுக்கல் வரை ஆடி மாதத்தில் காற்று வலது பக்கத்திலிருந்து குறுக்கே அடிக்கும். லாரி ஒன்றை இடப்பக்கமாகத் தாண்டும்வரை அது மறைத்துக்கொண்டு, தாண்டியதும் ஓங்கித் தள்ளும். பக்கவாட்டுப் பரப்பு அதிகமுள்ள லேசான வண்டி அந்த அடிக்கு ஓர் அடி அகலம் நகரும். இளவட்டத்துக்கு அது விளையாட்டு. எனக்கு இரண்டு மணி நேரம் அதையே சமாளித்து வந்தால் தோள் இறுகிவிடும்.

அம்மாவின் தீர்ப்போ ஒரே வரி. ஆர்ஆர்310-இன் பின்சீட்டை நின்று பார்த்தார்கள். உள்ளங்கையை வைத்து அளந்தார்கள். “ஏய்யா, இதுல நானு எங்க உக்கார? காக்கா உக்காரலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அருப்புக்கோட்டை டாக்டரிடம் மாதாமாதம் போகிறவர்கள். சேலை கட்டி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்து வருகிறவர்கள். அவர்கள் உட்கார முடியாத வண்டி என் வீட்டுக்கு வர முடியாது. சிபிஆருக்கும் அந்த ஒரு மதிப்பெண் குறைந்தது.

ராயல் என்ஃபீல்டு 2016-ல் கொண்டுவந்த 411 சிசி ஹிமாலயனை மதுரையிலிருந்து ஒரு சொந்தக்காரர் கொடுத்து உதவினார். அதைத் திருச்சுழி ரோட்டில் விட்டுப் பார்த்த நாள் எனக்குப் பெரிய திருநாள். கரிசலுக்கு மேல் போட்ட ரோடு எப்படி இருக்கும் என்று கரிசல்காட்டாருக்குத்தான் தெரியும். மழையில் மண் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். மேலே போட்ட தார் வருஷத்துக்கு வருஷம் அலையலையாக நெளியும். குழி என்று காட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் வண்டி படகு மாதிரி ஏறி இறங்கும். ஹிமாலயனின் முன் ஷாக்கப்சர் 200 மி.மீ., பின்னது 180 மி.மீ. அமுங்கும். அந்த நெளிவு முழுக்கக் காலுக்குக் கீழேயே கரைந்துபோயிற்று. குண்டாற்றுப் பக்கத்து மண்பாதையில்கூட நின்றுகொண்டே ஓட்டினேன். சிலிண்டர் விட்டம் 78, பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 86 மி.மீ. விட்டத்தைவிட நீளம் கூடின எஞ்சின் குறைந்த சுற்றிலேயே தள்ளும். உழவு மாட்டின் குணம் அது. நான்குவழிச் சாலையில் எண்பது, தொண்ணூறில் சந்தோஷமாக வரும். அதற்கு மேல் கேட்டால் கொடுக்கும், விருப்பத்தோடு கொடுக்காது. என் பயணத்தில் முக்காலே மூணு வீசம் நான்குவழி.

ஹிமாலயனுக்கு ஆரம் போட்ட சக்கரம். உள்ளே டியூப். எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. சீமைக்கருவேல முள் விரல் நீளம் வளரும், காய்ந்தால் ஆணி. கரிமூட்டத்துக்காக விறகு வெட்டி ஏற்றிப்போகும் டிராக்டரிலிருந்து சிதறும் சுள்ளி ரோட்டோரம் எங்கும் கிடக்கும். டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் காற்று மெல்லத்தான் இறங்கும், பங்க் வரை உருட்டிவிடலாம். டியூப் போட்ட சக்கரத்தில் அந்த இடத்திலேயே உட்கார வேண்டியதுதான்.

அதைக் கண்ணால் பார்த்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர். 1879 டிசம்பர் 30-ல் அவர் பிறந்த வீட்டைச் சுந்தர மந்திரம் என்று வைத்துப் பராமரிக்கிறார்கள். திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் சிலர் அங்கிருந்து இந்த வீட்டையும் பார்க்க வருவார்கள். அப்படி வந்த ஒருவர் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நானும் இறங்கிப் பார்த்தேன். டயரின் நடுக்கோட்டில், பழுப்பு நிறத்தில், வெட்டுப்பட்ட முனை மட்டும் தெரிந்தது. நகத்தால் நெருடினால் வரவில்லை. சாவியால் நெம்பி இழுத்ததும் முழு முள்ளும் வெளியே வந்தது, இரண்டு அங்குலம் இருக்கும். நுனியில் ரப்பர்த் தூள் ஒட்டியிருந்தது. வண்டி 202 கிலோ. தள்ளிப் போகிற கனமில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு குட்டியானை வேனில் பலகை வைத்து நாலு பேர் சேர்ந்து ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி டியூபைப் போட்டு முடிக்கும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பாலவனத்தம் என்றதும், “பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக இருந்த ஊரா?” என்று கேட்டார். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய தேவரைப் பற்றி அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். கிளம்பும்முன் சாவியை நீட்டி, “ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள்” என்றார்.

பந்தல்குடி வரை போய்த் திரும்பினேன். இரட்டை சிலிண்டர், 648 சிசி. மூன்றாவது கியரில் இருந்தாலும் ஐந்தாவதில் இருந்தாலும் திருகினால் அப்படியே எழும்பும். அந்த எஞ்சினுக்கு இணையாக நம் நாட்டுச் சாலையில் அந்த விலைக்கு வேறு எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். நெஞ்சுக்கு முன்னால் மறைப்பே கிடையாது என்பதும், பின் ஷாக்கப்சர் 88 மி.மீ. மட்டுமே அமுங்கும் என்பதும் அந்த ஒரு சுற்றிலேயே கரிசல் ரோடு சொல்லிவிட்டது. மலையோர ரோட்டுக்காரர் யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வேன்.

எனக்கு அமைந்தது பஜாஜ் டொமினார் 400. 2016 டிசம்பரில் வந்த முதல் வார்ப்பை ஒரு நண்பனிடம் ஓட்டியிருந்தேன். 2019-ல் முன் ஃபோர்க்கை மாற்றி, 35 குதிரைத்திறனை 40 ஆக்கி வெளியிட்டார்கள். அதை வாடகைக்கு எடுத்து ஓசூரிலிருந்து ஒரே ஓட்டமாக வந்தேன். 373 சிசி, விட்டம் 89, நீளம் 60 மி.மீ. இந்த அளவைப் பார்த்தால் சுற்று ஏறினால்தான் விழிக்கிற எஞ்சின் என்று தோன்றும். ஆனால் எஞ்சின் பெரிதாக இருப்பதால் தொண்ணூறிலும் நூறிலும் அது பாதித் தூக்கத்தில்தான் ஓடும். லாரியைத் தாண்டக் கியர் குறைக்கத் தேவையில்லை. கைப்பிடி அகலம், முதுகு நிமிர்ந்தே இருக்கும். 184 கிலோ எடையை மேல்காற்று அசைக்கவில்லை. ஃபேரிங் இல்லாததால் குறுக்குக் காற்று பிடிக்க இடமும் இல்லை. காற்று நேராக நெஞ்சில் விழும். நேராக விழுகிற காற்று சீராக இருக்கும். குட்டைக் கண்ணாடித் தடுப்பின் விளிம்பில் உடைந்து ஹெல்மெட்டில் படபடக்கிற காற்றைவிட அது எவ்வளவோ மேல். வண்டியை வாங்கிய பிறகு ஒரு நடுத்தர உயரக் கண்ணாடியும் வாங்கிப் போட்டேன். நெஞ்சுக்கு மட்டும் மறைப்பு, தலைக்குத் தெளிந்த காற்று என்று சரியாக அமைந்தது.

சீட் உயரம் 800 மி.மீ. ஹிமாலயனுக்கும் அதே 800. தாளில் ஒன்று போலத் தெரிந்தாலும், உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றல்ல. சீட் எவ்வளவு அகலம், தொடை எவ்வளவு விரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதம் தரையைத் தொடும். அம்மாவும் ஏறிப் பார்த்தார்கள். ஒருமுறை ஆட்டிப் பார்த்து, கால் வைக்க இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, “இது பரவால்ல” என்றார்கள். அப்பா மைலேஜ் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “செயினு நல்லா இருக்கா?” என்றார். சம்மதம் என்று அதற்குப் பொருள்.

பின்சீட்டுக்கு அடியில் மூட்டை கட்டுவதற்கென்று நீளப் பட்டைகளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். தேவையானபோது இழுத்துக் கொக்கியில் மாட்டலாம். ஊரிலிருந்து திரும்பும்போது வற்றல் மூட்டை, முருங்கைக்காய், அம்மா இடித்த மசாலா எல்லாம் அதில்தான் ஓசூர் போகும். மழை பெய்து கரிசல் இளகிய நாளில் மட்டும் இதை வயல் பாதைக்குள் விட மாட்டேன். சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி இறுகிச் சக்கரமே சுற்றாது. 184 கிலோவை அங்கிருந்து மீட்பது இரண்டு ஆள் வேலை. அன்றைக்கு அப்பாவின் பழைய டிவிஎஸ்ஸை எடுத்துக்கொள்வேன்.

சித்தப்பா மகன் இப்போது வண்டி தேடுகிறான். திருச்சுழி பக்கத்தில் கரி வியாபாரம். மூட்டம் போட்டிருக்கிற காடு காடாகச் சுற்ற வேண்டும், மாதம் ஒருமுறை தூத்துக்குடி போக வேண்டும். “அண்ணே, உங்க வண்டியே எடுத்துரவா?” என்றான். வேண்டாம் என்றேன். அவன் ரோட்டில் முக்கால்வாசி மண்பாதை. 2023-ல் வந்த 452 சிசி ஹிமாலயன் தண்ணீரில் குளிர்கிறது, 40 குதிரைத்திறன் தருகிறது. பழையதைப் போல நான்குவழியில் தயங்காது. 2024-லிருந்து ஆரச் சக்கரத்திலேயே டியூப்லெஸ்ஸும் கிடைக்கிறது. முள்ளுக்காக நான் சொன்ன ஆட்சேபணை அதோடு போய்விட்டது. அவன் என்னைவிடக் குட்டை, கால் எட்டுமா என்பதுதான் பாக்கி. மதுரையில் ஒரு நண்பனிடம் வண்டி இருக்கிறது. வருகிற ஞாயிறு அதை வாங்கி வந்து, கரி மூட்டை ஒன்றைப் பின்னால் கட்டி, குண்டாற்றங்கரை வரை அவனையே ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.